கிள்ளானுக்குச் சீராகப் போன சிலந்தி

ஒரு சிலந்திக்காகக் கடல் தாண்டியவன் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான். வழியனுப்ப வந்த மாமா, துறைமுகத்தில் நின்றவர்களிடமெல்லாம் "மலாயாவில் பெரிய உத்தியோகம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் அவருக்குத்தான் தலைகுனிவு என்று நானும் வாயைத் திறக்கவில்லை.

சென்னையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் பகுதியில் படம் வரைவது என் வேலை. ஸ்பிரிட் ஜாடியில் மிதக்கும் தேளையும் நண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, கால் எத்தனை, காலில் முள் எத்தனை என்று எண்ணி எண்ணி வரைவேன். எங்கள் புரொபசர் துரைக்கு மலாயாவிலிருந்து ஒரு ஜாடி வந்தது. உள்ளே நான்கு சிலந்திகள். மலாக்கா நீரிணையின் வாயில், கப்பல்கள் விலகிப் போகும் ஒரு பாறைத் தீவில் பிடித்தவை. அதற்குப் பூலாவ் கோசோங் என்று பெயராம். மலாய் மொழியில் காலித் தீவு என்று பொருள். துரை பத்து நாள் புத்தகங்களைப் புரட்டிவிட்டு, "இந்த இனம் உலகத்தில் வேறெங்கும் இல்லை" என்றார். அப்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பேரன் பிறந்த சேதி வந்தால்கூட அவ்வளவு மலர்ந்திருக்காது.

நான்கும் ஊறிய புளியின் நிறத்தில் இருந்தன. ஆனால் கூட வந்த கடிதத்தில் வேறு கதை இருந்தது. ஸ்பிரிட்டில் போட்டால் சிலந்தியின் நிறம் ஓடிவிடும். அந்தத் தீவுக்குப் போன சர்வே கப்பலின் சமையல்காரர் ஒரு தமிழர். வளர்ந்த சிலந்திகள் உயிரோடு இருக்கும்போது பட்டுச்சேலை மாதிரி மின்னும் என்று அவர் சத்தியம் செய்கிறாராம். சின்னதாக ஒன்றைப் பிடித்து வந்து கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில், தம் வீட்டிலேயே வளர்க்கிறாராம். 'சமையல்காரர்கள் கதை அளப்பதுண்டு' என்றும் கடிதம் எழுதியவர் சேர்த்திருந்தார்.

எனக்கு இது வெறும் கதையாக இல்லை. கல்லூரியில் அப்போதுதான் புதுக் கேமரா வாங்கியிருந்தார்கள். இனிமேல் கையால் வரைய ஒரு ஆள் எதற்கு என்று பேச்சு அடிபட்டது. கேமராவுக்குக் கறுப்பும் வெள்ளையும்தான் தெரியும். நிறம் என் பக்கம் இருந்தது. துரை என்னைக் கூப்பிட்டு, "போய் உயிரோடு பார். நிறம் இருந்தால் வரைந்துகொள். பிறகு இந்தப் புட்டியில் போட்டுக் கொண்டு வா. நிறம் இல்லையென்றால்..." என்று நிறுத்திக்கொண்டார். மீதியை நானே முடித்துக்கொண்டேன். என் சோறு ஒரு சிலந்தியின் முதுகில் இருந்தது.

கப்பலில் நான் பட்ட பாட்டை விட்டுவிடுகிறேன். சாப்பிட்டதைவிடத் திருப்பிக் கொடுத்ததுதான் அதிகம்.

போகியன்று காலை கரையிறங்கி, ரயிலேறிக் கிள்ளானுக்கு வந்தேன். அங்கே காப்பி குடிக்க இறங்கியதுதான் தப்பு. எங்கள் ஊரில் ஸ்டேஷனிலேயே காப்பி கிடைக்கும். இங்கே தெருவைத் தாண்டிச் சீனர் கடைக்குப் போக வேண்டியிருந்தது. அவர் துணிப்பையில் வடிகட்டிய கரிய காப்பியில் அடி முழுக்கக் கெட்டி டின்பாலை ஊற்றிக் கொடுத்தார். கலக்காமல் குடித்தால் வேம்பு, கலக்கினால் பாயசம். எது சரியான அளவு என்று நான் ஆராய்ந்துகொண்டிருக்கும்போதே ரயில் ஊதிக்கொண்டு போய்விட்டது. நல்லவேளை, பெட்டி என் மடியில் இருந்தது.

அடுத்த ரயில் பகலுக்கு மேல்தான். பக்கத்துத் தெருவில் தமிழ் முஸ்லிம் ஒருவர் கடையில் இடியாப்பமும் கோழிக் குழம்பும் கிடைத்தன. கப்பலில் இழந்ததையெல்லாம் அங்கே மீட்டேன். கடைக்காரர், "மெட்ராஸா? இன்னும் ரெண்டு வைக்கவா?" என்று கேட்டுக்கொண்டே, பதிலுக்குக் காத்திராமல் வைத்தார்.

எதிர்வரிசையில் ஒரே கூச்சல். கடைகளுக்கு முன்னால் ஆள் நடக்க விட்டிருக்கும் ஐந்தடி நடையில், ஒரு மாட்டுவண்டிக்காரர் அலமாரி ஒன்றை இறக்கி வைத்திருந்தார். சாப்பாட்டுச் சாமான் வைக்கும் கம்பிவலைக் கதவு போட்ட அலமாரி. நீலச் சாயம், ஒரு கால் மட்டும் சாயம் பூசாத புது மரம். அதன் முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் நின்றார்.

"உள்ள பாரு, ஒட்டடை! பொங்கச் சீருக்கு ஒட்டடையோட அலமாரி அனுப்பியிருக்காங்க எங்க அண்ணி. எனக்கு என்ன, கேக்க நாதியில்லன்னு நெனச்சுட்டாங்களா?"

"நா வண்டிக்காரன்லா அக்கா. எங்கிட்ட ஏன் சத்தம் போடுறீங்க?" என்றார் அவர்.

"இது இங்கயே கெடக்கட்டும். நா தொட மாட்டேன். அனுப்பினவங்களே வந்து அவங்க கையால தொடைக்கட்டும்!"

மகராசி, பொங்கல் வருகிற நேரத்தில் இவ்வளவு கோபமா என்று சிரித்துக்கொண்டே நான் மூன்றாவது இடியாப்பத்தைப் பிய்த்தேன். எனக்கும் அந்த அலமாரிக்கும் நடுவில் தெரு மட்டும்தான் இருந்தது.

கோலாலம்பூர் ஸ்டேஷனில் சமையல்காரர் தங்கவேலு குடையோடு நின்றார். ஐம்பது வயது இருக்கும். வெயிலில் கறுத்த முகம், பெரிய கைகள். "வாங்க தம்பி" என்று என் பெட்டியை வாங்கிக்கொண்டாரே தவிர முகத்தில் தெளிவில்லை. பிரிக்பீல்ட்ஸ் பக்கத்தில்தான். நடந்தே போனோம். ரயில்வே ஆட்களின் வரிசை வீடுகள், செங்கல் தூசி, வாசலுக்கு வாசல் கழுவிப் போட்ட பாய்கள். மயிலாப்பூரில் ஒரு தெருவைத் தூக்கி மழைக்குள் வைத்தது போல் இருந்தது. நான் சிலந்தியைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் அவர் ஒரு கட்டடத்தைக் காட்டினார்.

அவர் மனைவி செல்லம்மாள் சோறு போட்டு, ரசம் ஊற்றி, மோர் ஊற்றி, கை கழுவச் சொம்பும் கொடுத்த பிறகுதான் சொன்னார்.

"தம்பி, மனசத் தேத்திக்குங்க. அது போயிருச்சு."

சொம்பைக் கீழே வைத்துவிட்டு, எப்போது, எப்படி என்று கேட்டேன்.

நான்கு நாளைக்கு முன்னால், அதை வளர்த்த அலமாரிக்குள் ஒரு நூலில் கால்கள் விரிந்தபடி அசையாமல் தொங்கியதாம். ஈ போட்டாராம், திரும்பிப் பார்க்கவில்லை. ஊதினாராம், ஆடியதே தவிர ஓடவில்லை. "ஏழு மாசமா ஈ புடிச்சுப் போட்டு வளத்தேன் தம்பி. பேரு வைக்கல, அவ்வளவுதான்" என்று செல்லம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தங்கவேலு சுவரைப் பார்த்தபடி, "பெருசாயிட்டா நெறம் வரும்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். கப்பல்ல சிரிச்சாங்க. நெறம் வர்றதுக்குள்ள கண்ண மூடிருச்சு" என்றார்.

அவருக்கு வாக்குப் போயிற்று, எனக்கு வேலை போயிற்று. அன்றைக்கு அந்த வீட்டில் மூன்று பேரும் ஒரு சிலந்திக்காகத் துக்கம் காத்தோம்.

பொங்கலன்று காலை செல்லம்மாள் ஒரு தீப்பெட்டியைக் கொண்டுவந்தார். சிலந்தியைத் தூக்கி எறிய மனமில்லாமல், எனக்குக் காட்டுவதற்காக எடுத்து வைத்திருந்தார். வாசலில் வெளிச்சத்துக்குக் கொண்டு போய்த் திறந்தேன். எட்டுக் காலும் சரியாக இருந்தன. பழுப்பு நிறம்; சுண்டுவிரல் நீளம். செத்த சிலந்தி எத்தனையோ வரைந்திருக்கிறேன். செத்தால் கால்களை உள்ளே மடக்கிக்கொள்ளும். இது விரித்தபடி இருந்தது. ஊசியால் மெல்லத் தொட்டேன். முதுகு ஓடு ஒரு மூடி மாதிரி ஒரு பக்கமாகத் திறந்து நின்றது. உள்ளே ஒன்றுமே இல்லை! காலுக்குள்ளும் இல்லை, வயிற்றுக்குள்ளும் இல்லை. மூச்சு பட்டதும் தீப்பெட்டியிலிருந்து பறக்கப் பார்த்தது.

"அக்கா!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கூட எட்டிப் பார்த்தார். "இது சாகலக்கா. பாம்பு சட்டை உரிக்குமே, அந்த மாதிரி உரிச்சிருக்கு. இது வெறும் சட்டை!"

தங்கவேலு கரண்டியோடு ஓடிவந்தார். "அப்ப ஆளு?"

"உரிச்சுப் போட்டுட்டு எங்கயாவது இடுக்குல ஒளிஞ்சிருக்கும். உடம்பு கெட்டியாகிற வரைக்கும் வெளியே வராது. அலமாரி எங்கே?"

புருஷனும் பெண்சாதியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது செத்துப்போச்சுன்னு..." என்று செல்லம்மாள் இழுத்தார். "நல்லாத் தொடைச்சு, ஒடைஞ்ச காலு மாத்தி, பொங்கச் சீரோட நாத்தனாருக்குக் குடுத்து விட்டோம் தம்பி. ரொம்ப நாளா அந்த அலமாரி மேல அதுக்கு ஆசை. கூட்ஸ் ரயில்ல ரெண்டு நாளு கெடந்து போகி அன்னைக்குத்தான் போய்ச் சேந்திருக்கும்."

"நாத்தனார் எங்கே இருக்காங்க?"

"கிள்ளான்ல."

என் வாயில் கோழிக் குழம்பின் ருசி திரும்பி வந்தது. "நீலச் சாயமா? ஒரு கால் மட்டும் புது மரமா?"

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் தங்கவேலு.

நான் பார்த்ததையும் கேட்டதையும் ஒன்று விடாமல் சொன்னேன். ஒட்டடை என்று கேட்டதும் செல்லம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "நா ஈரத்துணி போட்டு மூணு தடவ தொடைச்சேனே!" என்றார். பிறகு சட்டென்று அவர் முகம் மாறியது. "நா தொடைச்சப்புறம் ஒட்டடை கட்டினது யாரு?"

மூவரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். அந்தச் சமயம் பார்த்துப் பானை பொங்கி வழிந்தது. "பொங்கலோ பொங்கல்!" என்று நான் கத்தியதுபோல் அந்த வரிசையில் யாரும் கத்தியிருக்க மாட்டார்கள். பசும்பாலில் பொங்கி, பிறகு தேங்காய்ப்பால் ஊற்றிக் கிளறிய பொங்கல். எங்கள் வீட்டில் தேங்காய்ப்பால் ஊற்ற மாட்டார்கள். ஊற்ற வேண்டும் என்று இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்பாரில்லை.

அன்றைக்கே புறப்பட நான் துடித்தேன். பண்டிகையன்று அடுப்பை விட்டு எப்படி வருவது என்று செல்லம்மாள் மறுத்துவிட்டார். தாம் வராமல் நாத்தனார் கோபம் தீராது என்பதும் அவருக்குத் தெரியும். நாத்தனார் பாக்கியம் சமாதானமாகி அலமாரியைத் துடைத்துவிடக் கூடாதே என்று நான் சூரியனைக் கும்பிட்டேன். நல்ல நாளில் ஒரு பெண்ணின் கோபம் ஆறக் கூடாது என்று வேண்டிக்கொண்ட பாவம் எனக்குத்தான்.

மாட்டுப் பொங்கலன்று காலை ஏழு பேர் உட்காரும் ஒரு குட்டி பஸ்ஸில் கிளம்பினோம். கொசு பஸ் என்று அதற்குப் பெயர். சிலந்தியைத் தேடிப் போகக் கொசுதான் சரியான வாகனம் என்று நினைத்துக்கொண்டேன். பாதி வழியில், இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் வரிசை பிடித்து நின்ற இடத்தில், டயர் வெடித்தது. சீன டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு மலாயில் ஏதோ சொன்னார். "காத்துக்கும் இன்னைக்கு லீவாம்" என்று தங்கவேலு எனக்கு எடுத்துச் சொன்னார்.

பஸ்ஸில் எங்களோடு ஒரு மலாய் மூதாட்டி கூடை நிறைய மங்குஸ்தானோடு இருந்தார். ஒரு பழத்தைக் கவிழ்த்து அடியிலிருக்கும் பூ முத்திரையைக் காட்டினார். இதழ்கள் ஆறு. உடைத்தால் உள்ளே சுளை ஆறு. அடுத்ததில் இதழ் ஐந்து, சுளையும் ஐந்து. எதையும் எண்ணிப் பார்க்கிற என் தொழிலுக்கு இதைவிடச் சந்தோஷமான பழம் இருக்க முடியாது. எண்ணி எண்ணி எட்டுப் பழம் தின்றேன்.

எங்கே போகிறோம் என்று மலாயில் கேட்டார். தங்கவேலு சொன்னார். மூதாட்டி வியக்கவில்லை. "எங்கள் கிராமத்துப் பிள்ளைகளும் சிலந்தி வளர்க்கிறார்கள். தீப்பெட்டியில் வைத்திருந்து சண்டைக்கு விடுவார்கள். உங்களுடையது நன்றாகச் சண்டை போடுமா?" என்றார்.

"இல்லை, அதற்குச் சண்டை மூட்டி விடத்தான் தெரியும்" என்றார் தங்கவேலு. தங்கையின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற கவலை அவருக்கு.

கிள்ளானில் இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. தெருமுனையிலேயே நீல அலமாரி கண்ணில் பட்டது. வைத்த இடத்திலேயே இருந்தது. பாக்கியம் வாசலில் நின்றார். பொங்கலுக்குப் பழஞ்சேலையே கட்டியிருந்தார். சீரில் போன புதுச்சேலையைப் பிரிக்கவே இல்லையாம்.

"வாங்கண்ணி, வாங்க. ஊரு பாக்கணும்னுதான் இங்கயே வச்சிருக்கேன்" என்றார்.

தங்கவேலு நேராகப் போய்த் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். "தப்புதான் பாக்கியம். இந்தா, எங்கையாலயே தொடைக்கிறேன்." கதவைத் திறந்து துண்டை உள்ளே விட்டார். பழக்கதோஷம்! தங்கை கண் கலங்கி நின்றதும் எதற்கு வந்தோம் என்பதே மனிதருக்கு மறந்துபோயிற்று.

"அண்ணே, துண்டு!" என்று நானும் செல்லம்மாளும் சேர்ந்து கத்தினோம். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். துண்டின் நுனி வலையில் பட்டு, வலை அதிர்ந்தது.

மேல்பலகையின் இடுக்கிலிருந்து அவள் இறங்கி வந்தாள்.

வலையின் நடுவில், வெயில் விழுந்த இடத்தில், வந்து நின்றாள். சிவப்பு வயிறு, அதன் நடுவே கிளிப்பச்சையில் ஒரு பட்டை, பட்டையின் இரண்டு ஓரத்திலும் மயில்கழுத்து நிறம் ஓடியது. கால்களில் மஞ்சள் வளையங்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை. தங்கவேலு துண்டை வாயில் பொத்திக்கொண்டு நின்றார். சற்றுப் பொறுத்து, "நா பொய் சொல்லல" என்று யாரிடமோ சொன்னார்.

பாக்கியம் தலையை நீட்டிப் பார்த்தார். "இதா ஒட்டடை கட்டுனது?"

"ஆமாக்கா. ஒலகத்துலயே ஒரு தீவுலதான் இந்தச் சாதி இருக்கு" என்றேன். "நீங்க கோபப்பட்டுத் துடைக்காம விட்டதாலதான் பிழைச்சுது."

பாக்கியத்துக்கு அது பிடித்திருந்தது. "பாத்தீங்களா அண்ணி, நா காரணமில்லாம கோவப்பட மாட்டேன்லா" என்றார்.

ஐந்தடி நடையில் பலகை போட்டு உட்கார்ந்தேன். உருவத்தை வரைந்துவிட்டேன்; நிறத்தில்தான் சிக்கிக்கொண்டேன். வயிற்றின் சிவப்பு அரக்கு என்றார் பாக்கியம். மாதுளை முத்து என்றார் செல்லம்மாள். இடியாப்பக் கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து செங்காவி என்றார். மூன்று தடவை குழைத்து மூன்று தடவை கழுவினேன். பாக்கியம் விறுவிறுவென்று உள்ளே போய், அண்ணன் அனுப்பிய புதுச்சேலையைக் கொண்டுவந்து மடிப்புக் கலைத்து வலையின் பக்கத்தில் பிடித்தார். அதே சிவப்பு. நூல் பிசகாமல் அதே சிவப்பு.

"அரக்குத்தான்!" என்றார் வெற்றியோடு. பிறகு சேலையின் கரையை விரலால் தடவிப் பார்த்தார். உள்ளே போனவர் திரும்பி வரும்போது அதைக் கட்டியிருந்தார். தங்கவேலு வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கப்புறம் எனக்குத் தூரிகை தடுமாறவில்லை. அரக்கு எதிரிலேயே நடமாடிக்கொண்டிருந்தது. வடை வேறு கொண்டுவந்தது.

சாயங்காலத்துக்குள் படம் முடிந்தது. பெட்டியைத் திறந்து ஸ்பிரிட் புட்டியை வெளியே எடுத்தேன். அதைத் திறந்த வாசனையிலேயே எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிட்டது.

செல்லம்மாள்தான் கேட்டார். கெஞ்சவில்லை, சும்மாதான் கேட்டார். "புதுத்துணி கட்டுன அன்னைக்கா தம்பி?"

நான் அவளைப் பார்த்தேன். துண்டு பட்டு அறுந்த ஒரு நூலை அவள் நிதானமாகத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தாள். சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, உரித்த தோலைப் புட்டிக்குள் விட்டு, தக்கையை இறுக்கினேன்.

சென்னையில் துரை படத்தை ஜன்னலடிக்குக் கொண்டு போய் வெகு நேரம் பார்த்தார். கேமரா மூலையில் துணி போர்த்தி நின்றது. "இவ்வளவுமா?" என்றார். பிறகு புட்டியைத் தூக்கிப் பார்த்தார். "தோல்தானே இருக்கிறது. சிலந்தி எங்கே?"

"அடுத்த கப்பலில் சமையல்காரர் அதைத் தீவிலேயே கொண்டு விடப்போகிறார், சார். இது அதன் பழைய துணி."

வேலை இன்றோடு சரி என்று நினைத்தேன். அவர் பூதக்கண்ணாடியில் தோலின் ஒவ்வொரு முள்ளையும் ஜாடியிலிருந்த நான்கோடு ஒப்பிட்டு எண்ணினார். எல்லாம் ஒத்துப்போயின. "நான்கு போதும்" என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம் எனக்குப் புது வண்ணப்பெட்டி வந்தது.

அச்சான படத்தில் ஒன்றைக் கிள்ளானுக்கு அனுப்பினேன். மழைக்காலம் முடிந்து தங்கவேலு பதில் போட்டிருந்தார். சிலந்தியைத் தீவில் விட்டாயிற்று, கப்பலில் இப்போது அவர் எது சொன்னாலும் நம்புகிறார்கள், உப்பு சரியாக இருக்கிறது என்பதைத் தவிர. அலமாரி பாக்கியத்தின் அடுக்களையில் இருக்கிறது. படத்தைச் சட்டம் போட்டு அதற்கு மேலே மாட்டியிருக்கிறார்களாம். வீட்டுக்கு யார் வந்தாலும் பாக்கியம் அரக்குச் சேலையை ஒதுக்கிக்கொண்டு, படத்தைக் காட்டி, "எங்க அண்ணன் அனுப்புன சீரு" என்கிறாராம். அலமாரியைக் காட்டுவதே இல்லையாம்.